உங்களுக்குத் தெரியுமா? வராதது யாருக்கு?

ஜலகண்டாபுரம் பக்கம் தறி ஓடுகிற வீடுகளில் இப்போது செல்போனும் ஒரு சாமான். நூல் கடைக்குப் பணம் போட வேண்டும், கரண்ட் பில் கட்ட வேண்டும், பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த தகவலைப் பார்க்க வேண்டும். ரெண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு இதெல்லாம் வராதுங்க, பையன் வரட்டும்" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். பாவில் ஆயிரக்கணக்கான இழை ஓடும். அதில் ஒன்று அறுந்தாலும் விரல் நுனியால் தடவிக் கண்டுபிடித்து முடிச்சுப் போடுகிற கை அது. அந்தக் கைக்கு நாலு பட்டன் இருக்கிற திரை வராதாம்!

திரையில் எது எங்கே இருக்க வேண்டும், தட்டினால் என்ன நடக்க வேண்டும் என்று யோசிப்பதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. கண்ணில் படுகிற பக்கத்துக்கு யூஐ, புழங்குகிற அனுபவம் முழுவதற்கும் யூஎக்ஸ் என்று பெயர். அந்தத் தொழிலிலிருந்து சில துணுக்குகள், தறியில் தொடங்கி.

1. துளை போட்ட அட்டை

தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டி, கம்ப்யூட்டருக்குப் பாட்டன் முறை. பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-05 வாக்கில் அதற்கு வடிவம் கொடுத்தார். அட்டையில் துளை இருந்தால் கொக்கி நூலைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. இருக்கு, இல்லை என்ற இரண்டே செய்தியில் மாங்காயும் மயிலும் சேலையில் இறங்கிவிடும். இதே அட்டை முறையைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்குப் பொறிக்குத் திட்டமிட்டார். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை எண்ணியதும் துளை அட்டைதான். நெசவாளி மிதியை மிதித்தால் போதும், பெட்டிக்குள் நடக்கும் சங்கதி அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. நல்ல திரையும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள் யூஎக்ஸ்காரர்கள்.

2. கட்டம் போட்ட நோட்டு

சேலைக்கு டிசைன் போடுகிறவர் முதலில் எடுப்பது கட்டம் போட்ட கிராப் தாள். ஒரு கட்டம் நிரப்பினால் ஓர் இழை மேலே. ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டோஷ் கம்ப்யூட்டர் 1984-ல் வந்தபோது அதில் இருந்த குப்பைத்தொட்டி, சிரிக்கும் கம்ப்யூட்டர் போன்ற குட்டிப் படங்களை வரைந்தவர் சூசன் கேர். அவர் தொடங்கியதும் கட்ட நோட்டில்தான். நீளம் 32, அகலம் 32, ஆக 1,024 கட்டம். அதற்குள் எதையும் சொல்லியாக வேண்டும். கட்டத்தில் பூத்தையல் போடுவதும் இதுவும் ஒரே மாதிரி வேலை என்பது அவர் கருத்து. நம் ஊர் புட்டா வரைகிறவருக்கு இதைச் சொன்னால் ஆச்சரியப்படமாட்டார்.

3. அறுந்தால் தானே நிற்கும்

டொயோட்டா கார் கம்பெனியின் பூர்வீகம் தறி. சகிச்சி டொயோடா 1924-ல் முடித்த தானியங்கித் தறி, நூல் அறுந்த உடனே தானாக நின்றுவிடும். கெட்ட துணி மேற்கொண்டு நெய்யப்படாது. அந்தத் தறியின் உரிமையை இங்கிலாந்துக் கம்பெனிக்கு விற்ற பிறகுதான் குடும்பம் கார் பக்கம் போனது. ஆள் தப்புச் செய்த பிறகு திட்டுவதைவிட, தப்பு வளராமல் பொறியே நிற்பது மேல் என்ற இந்த எண்ணம் இன்று திரையிலும் உண்டு. பத்து இலக்கம் முடியாத போன் நம்பருக்கு 'அடுத்து' பட்டன் மங்கிக் கிடக்கிறதே, அது இந்தத் தறியின் பேரன்.

4. எட்டு எழுத்து, பன்னிரண்டு குறி

'ஜலகண்டாபுரம்' என்று எழுதி எண்ணிப் பாருங்கள்: ஜ, ல, க, ண், டா, பு, ர, ம் என எட்டு எழுத்து. கம்ப்யூட்டரைக் கேட்டால் பன்னிரண்டு என்னும். யூனிகோடு முறையில் புள்ளியும், காலும், உகரக் குறியும் தனித்தனிக் கணக்கு. 'ம்' தப்பாக விழுந்து அழிக்கப் போனால் பல விசைப்பலகைகளில் முதலில் புள்ளி மட்டும் போய், 'ம' அங்கேயே நிற்பதன் காரணம் இதுதான். படிவத்தில் 'எட்டு எழுத்துக்கு மேல் கூடாது' என்று ஒருவர் நிரல் எழுதிவிட்டால், நம் ஊர்ப் பெயர் பாதியில் வெட்டுப்படும்.

5. பதினொரு தட்டு

அதே பெயரை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துத் தட்டினால் 15 தட்டு வரை ஆகும். தமிழ்99 விசைப்பலகையில் 11 போதும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டிப் பிறந்தது இந்த அமைப்பு. உயிர் எழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. 'ண'வும் 'ட'வும் அடுத்தடுத்து வந்தால் நடுவில் புள்ளியைத் தானே வைத்துக்கொள்ளும். தமிழில் இந்த இரண்டும் அப்படித்தான் சேரும் என்று தெரிந்தவர்கள் செய்த வடிவமைப்பு. கைபேசித் தமிழுக்குப் பாதை போட்டதில் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனுக்குப் பெரிய பங்கு உண்டு. கம்ப்யூட்டரில் தமிழ் எழுத அவர் செய்த முரசு அஞ்சல் 1985-ல் தொடங்கியது, கைபேசிக்கான செல்லினம் 2005-ல் வந்தது.

6. ஜலகண்டாபுரமா, ஜலகண்டபுரமா?

ஊர்க்காரர்களே இரண்டு விதமாகவும் எழுதுவார்கள். ஆங்கிலத்தில் போர்டுக்குப் போர்டு 'க'வுக்கு வேறு எழுத்து. தேடும் பெட்டி ஒரே ஒரு எழுத்துக்கூட்டலை மட்டும் ஏற்றுக்கொண்டால், பஸ் டிக்கெட் தேடுகிறவருக்கு 'அப்படி ஊரே இல்லை' என்று பதில் வரும். ஊர் அங்கேயேதான் இருக்கிறது. தேடல் பெட்டி எழுத்துப்பிழையை மன்னிக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பால பாடம்.

7. நாலு நம்பர் ஏன்?

ஏடிஎம் இயந்திரத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ஷெப்பர்ட் பாரன் பிறந்தது நம் நாட்டு ஷில்லாங்கில், 1925-ல். அவருடைய இயந்திரம் லண்டன் என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கிக் கிளையில் 1967 ஜூன் 27 அன்று வேலையைத் தொடங்கியது. ரகசிய எண் ஆறு இலக்கம் இருக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தாராம். சமையலறையில் மனைவி கரோலினிடம் கேட்டபோது, தனக்கு நாலுதான் நினைவில் நிற்கும் என்றாராம். இது அவரே பிறகு சொன்ன கதை. உலகம் பூராவும் நாலு நம்பர் பரவிவிட்டது. பொறியியல் கணக்கைவிட வீட்டம்மாவின் பதில் ஜெயித்த இடம் இது.

8. அட்டை முன்னே, பணம் பின்னே

பல ஏடிஎம்களில் அட்டையை எடுத்த பிறகுதான் பணம் வரும். காரணம் மனித சுபாவம். நாம் போவது பணத்துக்கு. அது கைக்கு வந்ததும் மனசு 'வேலை முடிந்தது' என்று கிளம்பிவிடும், அட்டை உள்ளேயே கிடக்கும். 'அட்டையை மறக்காதீர்கள்' என்று நோட்டீஸ் ஒட்டுவதற்குப் பதில் வரிசையை மாற்றினார்கள்.

9. ஒரே போனில் இரண்டு எண் பலகை

இப்போதே போனை எடுங்கள். நம்பர் போடும் பக்கத்தில் 1, 2, 3 மேலே இருக்கும். கால்குலேட்டரைத் திறந்தால் 7, 8, 9 மேலே. கணக்குப் பொறிகளில் பெரிய எண்தான் மேல் வரிசை. பட்டன் தொலைபேசி செய்தபோது அமெரிக்காவின் பெல் ஆய்வகம் பலவகை அடுக்குகளை ஆட்களிடம் கொடுத்துச் சோதித்து, 1960-ல் முடிவுகளை வெளியிட்டது. கடைசியில் தேறியதுதான் நாம் இன்றும் தட்டுவது. கல்லாவில் கால்குலேட்டர் பழகியவர் போன் நம்பரைத் தப்பாகப் போட்டால், அவரைக் குறை சொல்ல முடியாது.

10. எண்ணெய் பட்டாலும் ஸ்கேன் ஆகும்

டீக்கடை மேஜையில் பிசுக்கேறிக் கிடக்கும் கியூஆர் அட்டை எப்படி வேலை செய்கிறது? 1994-ல் ஜப்பானின் டென்சோ வேவ் கம்பெனியில் மசாஹிரோ ஹாரா குழு இதைச் செய்தது கார் உதிரிபாகங்களை எண்ண. பட்டறையில் அழுக்குப் படும் என்று தெரியும். அதனால் ஒரு பங்கு அழிந்தாலும் மீட்டுப் படிக்கிற மாதிரி தகவலைக் கூடுதலாக அடுக்கினார்கள். உச்ச அளவில் சுமார் 30 சதவீதம் வரை சேதம் தாங்கும். மூன்று மூலையில் உள்ள சதுரங்கள் 'தலை எந்தப் பக்கம்' என்று கேமராவுக்குச் சொல்பவை. தலைகீழாகக் காட்டினாலும் படிப்பது அதனால்தான்.

11. காதுக்கு வரும் ரசீது

"ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று கடையில் கத்துகிறதே ஒரு குட்டிப் பெட்டி, அதுவும் இடைமுகம்தான். திரையே இல்லாத இடைமுகம். கை முழுக்க மாவோடு வடை தட்டுகிறவரால் ஒவ்வொரு தரமும் போனைத் திறந்து எஸ்எம்எஸ் பார்க்க முடியுமா? போலி ஸ்கிரீன்ஷாட் காட்டி நழுவுகிறவர்களுக்கும் இது தடை. நெசவாளிக்கு இது புதிது இல்லை. தறி ஓசை மாறினாலே எங்கோ கோளாறு என்று திரும்பிப் பார்க்கிறவர் அவர்.

12. வாங்குவதற்கு பின் நம்பர் வேண்டாம்

யூபிஐ 2016-ல் வந்தது. அதில் பின் நம்பர் போடுவது பணம் கொடுக்கவும் கணக்கில் இருப்பைப் பார்க்கவும்தான். பணம் வாங்க எந்த நம்பரும் தேவையில்லை. "பரிசு விழுந்திருக்கு, பின் போட்டால் கணக்கில் ஏறும்" என்று ஒருவர் போனில் சொன்னால், பணம் உங்களிடமிருந்து போகப்போகிறது என்று அர்த்தம். கொடுக்கிற திரையும் வாங்குகிற திரையும் ஒரே சாயலில் இருப்பது மோசடிக்காரர்களுக்கு வசதி. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

13. கமா எங்கே?

ஒரு லட்சத்தை நாம் 1,00,000 என்று எழுதுவோம். வெளிநாட்டுப் பழக்கம் 100,000. அங்கே எழுதிய நிரலை அப்படியே இறக்கிய ஆப்பில் தொகையைப் பார்த்தால், கண் ஒரு நொடி தடுமாறும். பத்தாயிரமா, லட்சமா? எண்ணுக்குக் கீழே எழுத்தாலும் தொகையைக் காட்டும் ஆப்புகள் அந்த ஒரு நொடியை மதிக்கின்றன. அந்தத் தொகைக்கு முன்னால் நிற்கும் ₹ குறியை வரைந்தவர் ஒரு தமிழர்: டி. உதயகுமார். மும்பை ஐஐடியில் தமிழ் எழுத்துரு வடிவமைப்பை ஆராய்ந்தவர். 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை அதை ஏற்றது.

14. சுஜாதாவும் நீலப் பட்டனும்

1951-52-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டி மேல் சின்னம். வாக்காளர் சீட்டைத் தனக்குப் பிடித்த பெட்டியில் போட்டால் போதும். படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானவர்களுக்காகச் செய்த ஏற்பாடு. சின்னம் இன்றைய ஆப் ஐகானுக்கு மூத்தது!

பிறகு வந்த மின்னணு இயந்திரத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்தவர் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர் எஸ். ரங்கராஜன். நமக்கு எழுத்தாளர் சுஜாதா. 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக அதைப் பயன்படுத்தினார்கள். நீலப் பட்டனை அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியும், நீண்ட பீப் கேட்கும். இன்னொரு தரம் அமுக்கினாலும் ஓட்டு கூடாது. பட்டன் பக்கத்தில் பிரெய்ல் எண் உண்டு. பின்னாளில் சேர்ந்த விவிபேட் பெட்டியின் கண்ணாடி ஜன்னலில், யாருக்கு ஓட்டு விழுந்தது என்று காட்டும் சீட்டு 7 நொடி தெரியும். பழக்கிவிட ஆள் இல்லாமல், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தரம் தொடுகிற கருவிக்கு இவ்வளவும் வேண்டும்.

15. புத்தகமாக வந்த வாக்குச்சீட்டு

1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சி தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். விவசாயிகள் தங்கள் குறையைக் காட்ட எடுத்த வழி அது. வாக்குச்சீட்டு புத்தகம் மாதிரி அச்சானது. ஒரே ஒரு பெயரைத் தேட எத்தனை பக்கம் புரட்டியிருப்பார்கள்! தேர்ந்தெடுக்க வேண்டியவை கூடக் கூட முடிவெடுக்கும் நேரமும் கூடும் என்று 1952-ல் வில்லியம் ஹிக் என்ற உளவியலாளர் சொன்னதற்கு, கொங்கு மண்ணில் இதைவிடப் பெரிய உதாரணம் கிடைக்காது.

16. சக்கரம் போலவே ஒரு கைப்பிடி

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே வயிறு தேய்த்தன. விமானிகள் இறக்கை மடிப்புக்கான சுவிட்ச் என்று நினைத்துச் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். 'விமானி தவறு' என்று எழுதி முடித்திருக்கலாம். அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் 1943-ல் பார்த்தபோது, இரண்டு சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே வடிவத்தில் இருந்தன. ஒன்றில் குட்டிச் சக்கரமும் மற்றதில் ஆப்பு வடிவமும் மாட்டினார். கையால் தொட்டாலே வித்தியாசம் தெரிந்தது. இன்றைய விமானங்களிலும் சக்கரத்தை இயக்கும் கைப்பிடி சக்கர வடிவம்தான். 'அனுப்பு', 'அழி' இரண்டையும் ஒரே நிறத்தில் ஒட்டி வைக்கிற ஆப்புகளுக்கு இந்தப் பாடம் இன்னும் போய்ச் சேரவில்லை.

17. விளக்கு சொன்ன பாதி உண்மை

1979 மார்ச் 28, அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம். வால்வு மூடிக்கொண்டது என்று ஊழியர்கள் நம்பினார்கள், விளக்கு அணைந்திருந்ததே! அந்த விளக்கு காட்டியது 'மூடு' என்ற கட்டளை போனதை மட்டும். வால்வு திறந்தே கிடந்தது. பணம் அனுப்பியபின் வரும் 'கோரிக்கை அனுப்பப்பட்டது' என்ற வரியை இனி நிதானமாகப் படியுங்கள். அனுப்பப்பட்டது வேறு, போய்ச் சேர்ந்தது வேறு.

18. தள்ளுவதா, இழுப்பதா?

கண்ணாடிக் கதவை இழுத்து, பிறகு தள்ளி, அசடு வழிந்திருக்கிறீர்களா? அந்தக் கதவுக்கு உலகப் பெயரே 'நார்மன் கதவு'. 1988-ல் அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பைப் பற்றிப் புத்தகம் எழுதிய டான் நார்மன் பெயரால் வந்தது. இழுக்கிற கைப்பிடியை மாட்டிவிட்டு 'தள்ளு' என்று எழுதி வைத்தால் ஆள் இழுக்கத்தான் செய்வார். 1993-ல் ஆப்பிளில் சேர்ந்த நார்மன், தன் பதவிப் பெயரிலேயே 'பயனர் அனுபவம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டார்.

19. 0.1, 1, 10

பட்டனைத் தட்டி 0.1 நொடிக்குள் அசைவு தெரிந்தால் 'உடனே நடந்தது' என்று தோன்றும். 1 நொடி வரை யோசனை அறுபடாது. 10 நொடி தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும். யூஎக்ஸ் நிபுணர் ஜேக்கப் நீல்சன் 1993-ல் தொகுத்துத் தந்த கணக்கு. சிக்னல் மெலிந்த இடத்தில் சும்மா சுற்றும் வட்டத்தைப் பார்த்துப் பார்த்து, 'போகலையோ' என்று இன்னொரு தரம் பட்டனை அமுக்கி இரண்டு தரம் பணம் கட்டுவது அவசரபுத்தியால் அல்ல.

20. வேண்டுமென்றே செய்த குழப்பம்

சில தடுமாற்றம் தற்செயல் இல்லை. 'ஆம்' பெரிய பச்சையில், 'வேண்டாம்' கண்ணுக்குத் தெரியாத சாம்பலில். கேட்காத காப்பீடு கூடையில் ஏறியிருக்கும். 'இன்னும் 2 நிமிடம்தான்' என்று போலிக் கடிகாரம் ஓடும். சேர ஒரு தட்டு, விலக ஏழு பக்கம். இவற்றுக்கு 'இருள் வடிவங்கள்' என்ற பொருளில் யூஎக்ஸ்காரர் ஹாரி பிரிக்னல் 2010-ல் பெயர் வைத்தார். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. புகார் சொல்ல 1915.

21. கண் சிமிட்டச் சொன்ன திரை

வங்கிக் கணக்குக்கு அடையாளம் காட்ட, கேமரா முன் கண் சிமிட்டச் சொல்கிறது ஆப். அமில வீச்சில் இமை சிதைந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? பார்வையற்றவர் முகத்தை வட்டத்துக்குள் எப்படி வைப்பார்? இந்தக் கேள்வியோடு போனவர்களுக்கு 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று சொல்லி, 20 உத்தரவுகளையும் பிறப்பித்தது. நூலும் மண்ணும் சிமெண்டும் பிடித்துத் தேய்ந்த கட்டைவிரலை இயந்திரம் ஏற்க மறுத்து ரேஷன் கடையில் நின்றவர்களுக்கு, அந்த வழக்கின் நியாயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

22. வீட்டிலேயே ஒரு சோதனை

இந்தத் தொழிலின் உயர்ந்த சோதனைக்கு லேப் வேண்டாம். அப்பாயியிடம் போனைக் கொடுங்கள். ஒரே ஒரு வேலை சொல்லுங்கள்: "பேத்திக்கு இந்தப் போட்டோவ அனுப்பு அப்பாயி." அப்புறம் அஞ்சு நிமிஷம் வாயைத் திறக்கக் கூடாது. கஷ்டமான பகுதி அதுதான். "கண்ணு, இதுல எத அமுக்கறது?" என்று கேட்பார். சொல்லாதீர்கள். விரல் திரைக்கு மேலே எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது, எதைத் தொடப் பயந்து பின்வாங்குகிறது என்று மட்டும் பாருங்கள். இப்படி ஐந்து பேரைப் பார்த்தாலே பெரும்பாலான கோளாறு தெரிந்துவிடும் என்று நீல்சன் 2000-ல் எழுதினார்.

தறியில் விரல் தயங்கி நிற்கிற இடத்தில்தான் அறுந்த இழை இருக்கும். அங்கே நெசவாளி முடிச்சுப் போடுவது இழைக்கு, விரலை யாரும் திட்டுவதில்லை.